கண்ணுக்குச் சரியா, கணக்குக்குச் சரியா

எங்கள் பொறியியல் கல்லூரியில் நாடகக் குழுவுக்கு இடம் கொடுத்தது தமிழ் மன்றம் இல்லை, ஒர்க்‌ஷாப். ஃபவுண்டரிக்குப் பின்னால் உடைந்த மோல்டிங் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார்கள். 1990-களின் நடுப்பகுதி. நான் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு லைட் மியூசிக் குழுவுக்குத்தான் மவுசு. கைதட்டல், மற்ற கல்லூரி விழாக்களுக்கு அழைப்பு எல்லாம் அவர்களுக்கே. நாடகக் குழுவுக்கு வந்தவர்கள் வேறு ரகம். நடிக்க வந்தவர்களைவிட ஆணி அடிக்க வந்தவர்கள் அதிகம். வகுப்பில் எதிலும் ஒட்டாமல் கடைசி பெஞ்சில் சாய்ந்து கிடப்பவன், கையில் சுத்தியலோ சால்டரிங் அயர்னோ கிடைத்தால் மெஸ் மூடுகிற நேரத்தை மறந்துவிடுவான். நானும் அந்தக் கூட்டம்தான்.

செட் வரையப் பெரியமேட்டிலிருந்து ஓர் அண்ணன் வருவார். அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். கைச்செலவுக்கு இரவில் சினிமா பேனர் வேலைக்குப் போவார். உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதை ஆள் உயரத்துக்கும் மேலான முகமாகப் பெருக்குகிற வேலை. துணிக்கு முன்னால் நிற்கும்போது மூக்கு எது, கன்னம் எது என்றே தெரியாது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பவனுக்குத்தான் அது முகம். அந்தத் தூரத்தை மனசில் வைத்துக்கொண்டு கையெட்டும் நெருக்கத்தில் பூச வேண்டும். எங்களிடம் அவர் வாங்கிய சம்பளம் டீயும் பரோட்டாவும்.

முதல் சண்டை ஒரு தூண் வரிசையால் வந்தது. நாடகத்தில் பழைய ஜமீன் வீட்டின் தாழ்வாரம் வேண்டும். நீளமாக உள்ளே போவதுபோல் தெரிய வேண்டும், மேடையிலோ அவ்வளவு ஆழம் கிடையாது. இன்ஜினியரிங் டிராயிங்கின் கடைசிப் பாடமான பெர்ஸ்பெக்டிவ் ப்ரொஜெக்‌ஷனை எங்கேயாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஸ்டேஷன் பாயின்ட் குறித்து, மினி டிராஃப்டரில் கோடு இழுத்து, ஒவ்வொரு தூணும் எவ்வளவு குறுக வேண்டும் என்று ஷீட்டில் போட்டுக் கொண்டுபோனேன். அண்ணன் ஷீட்டைத் தரையில் விரித்து, குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கணக்கெல்லாம் சரிடா தம்பி. இது எந்த சீட்டுக்கு?"

ஸ்டேஷன் பாயின்ட் என்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கண்ணை வைத்தவனுக்கு என் தாழ்வாரம் அச்சு அசலாக உள்ளே போகும். அரங்கத்தில் மற்ற எல்லோருக்கும் தூண்கள் ஒரு பக்கமாகச் சாயும். அண்ணன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பி அரங்கத்துக்கு நடந்தார். முதல் வரிசையின் இரண்டு ஓரங்களிலும், கடைசி வரிசையின் இரண்டு ஓரங்களிலும், நடுவிலும் உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்து என் கோடுகளைச் சாக்பீஸால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் நகர்த்தினார். மறைபுள்ளி ஒன்றாக இருந்தது மூன்றாக ஆனது. என் கணக்கில் அது எந்தச் சூத்திரத்துக்கும் அடங்கவில்லை. "இப்ப யாருக்கும் முழுசா சரியா இருக்காது. ஆனா யாருக்கும் உறுத்தாது" என்றார்.

பக்கத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்த சிவில்காரன் நிமிர்ந்து, "டேய், இது பௌடிச் ரூல்டா" என்றான். நில அளவையில் ஒரு சுற்று அளந்து தொடங்கிய இடத்துக்கே வந்தால், கோடு சரியாக வந்து மூடாது. கொஞ்சம் இடைவெளி விழும். அந்தப் பிழையைக் கடைசிக் கோட்டின் தலையில் கட்டாமல், ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் நீளத்துக்குத் தக்கபடி பங்கிட்டுவிடுவதுதான் அந்த விதி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த விதியை ஒருவன் கண்ணால் போட்டுக் காட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தோம். அண்ணனுக்குப் பௌடிச் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லை. "பேர் எதுவா இருந்தா என்ன, வஜ்ஜிரம் காயுது, துணியைப் பிடி" என்று விரட்டினார். காடாத்துணிக்கு வஜ்ஜிரம் காய்ச்சிப் பவுடர் கலரில் கலந்து பூசுவதுதான் அப்போது வழக்கம். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும்.

இரண்டாவது சண்டை வெளிச்சத்தால். டிம்மர் வாடகைக்கு எடுக்கப் பணம் கிடையாது. எங்கள் எலக்ட்ரானிக்ஸ்காரன் ரிச்சி தெருவில் ட்ரையாக்கும் ஹீட் சிங்கும் வாங்கி வந்து சொந்தமாகவே செய்தான். நாலு குமிழ், நாலு ஹாலஜன். பெருமையாகத் திருகிக் காட்டினான். அண்ணன் பார்த்துவிட்டு, "லைட்டு பொறக்கணும்டா, குதிக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. குமிழைப் பூஜ்யத்திலிருந்து திருகினால் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று கால்வாசி வெளிச்சம் ஒரே தாவலாக வந்து நிற்கும். அங்கிருந்து கீழே இறக்கினால் மட்டும் மெல்ல இறங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தவனுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. விடியற்காலைக் காட்சி எழுதியிருந்த டைரக்டருக்கு உயிர்நாடி அதுதான். எலக்ட்ரானிக்ஸ்காரன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தான். அப்புறம் புத்தகத்தைப் புரட்டிக் காரணத்தைப் பிடித்தான். ட்ரையாக்கைத் தூண்டிவிடும் கப்பாசிட்டரில் முந்தின சுற்றின் மிச்சம் தங்குகிறது. விளக்கு எரியத் தொடங்கியதும் அந்த மிச்சத்தின் அளவு மாறிவிடுகிறது. அதனால்தான் ஏறுகிற வழி வேறு, இறங்குகிற வழி வேறு. இன்னும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கப்பாசிட்டரும் சேர்த்தால் சரியாகிவிடும். சில ரூபாய்ச் செலவு. அந்தச் சில ரூபாய்க்கான தேவையைக் கண்டுபிடிக்க ஒரு பேனர் ஓவியர் வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. டிம்மரைப் பாதியில் வைத்தால் ஸ்பீக்கரில் உர்ர்ரென்று ஒரு சத்தம் ஏறியது. அதற்கு சோக் சுற்றினோம். நீல ஜெலட்டின் காகிதம் போட்ட விளக்கைக் குறைத்தால் இரவு வருவதற்குப் பதிலாக ஒரு அழுக்குப் பச்சை வந்தது. இழை பல்பின் வோல்டேஜைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியாவதில்லை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கூடவே அது மஞ்சளடித்துச் சிவக்கும். அந்த மஞ்சளில் நீலத்துக்கு எங்கே போவது? அண்ணனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் எந்தப் பவுடர் கலர் எந்த ஜெலட்டினுக்கு அடியில் செத்துப்போகும் என்று விரல்விட்டுச் சொல்வார். இரவுக் காட்சிக்கு விளக்கைக் குறைக்காமல், ஜெலட்டினை இரண்டு மடிப்பாகப் போடச் சொன்னதும் அவர்தான்.

கொஞ்ச காலம் கழித்துத் தபஸ் சென் என்ற கல்கத்தா ஒளியமைப்பாளரைப் பற்றிப் படித்தேன். 1959-ல் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்துக்காக மினர்வா தியேட்டர் மேடையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி ஆட்கள் மூழ்குவதை வெறும் விளக்குகளாலேயே காட்டியவர். அவரைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இவரை எந்தத் துறைக்குக் கீழே சேர்ப்பார்கள் என்பதுதான். எலக்ட்ரிக்கலா, நுண்கலையா? எங்கள் கொட்டகையில் அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

அண்ணனின் கல்லூரிக்கே அப்படி ஒரு கதை உண்டு. அதை அவரும் அறிந்திருக்கவில்லை, நானும் பின்னாளில் நூலகத்தில்தான் கண்டேன். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. படம் எழுதக் கற்பித்ததோடு, மண்பாண்டம், மரச் செதுக்கு, உலோக வேலை எல்லாம் இருந்தன. பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1898-ல் அங்கே அலுமினியத்தில் பாத்திரம் செய்து பார்க்கத் தொடங்கினார். அப்போது இங்கே அது புது உலோகம். வார்ப்பதும் தட்டுவதும் கைவினைஞர்கள். கணக்கும் சந்தையும் பொறியாளர் பொறுப்பு. சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழில் அங்கிருந்துதான் கிளைத்தது. நம் வீட்டு அடுக்களையில் கிடக்கிற நசுங்கிய அலுமினியக் குண்டானுக்கு ஒரு ஓவியப் பள்ளி பூர்வீகம் என்றால் நம்புவார்களா? நூறு ஆண்டுக்கு முன்னால் சேர்ந்து வேலை செய்த இரண்டு கல்லூரிகள் பிறகு எப்போது ஒன்றையொன்று பார்க்காமல் ஆயின என்பது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். எங்கள் காலத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் அந்த அண்ணனின் சைக்கிள்.

பி.இ. முடிந்ததும் எல்லோரும் கேட் தேர்வுக்கோ கேம்பஸ் வேலைக்கோ போனார்கள். நான் சீட் என்றொரு நுழைவுத்தேர்வு இருப்பதைக் கேள்விப்பட்டேன். டிசைன் மேற்படிப்புக்கானது. பொறியியல், கட்டடக்கலை, ஓவியம் படித்தவர்கள் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதுவது, படமும் போட வேண்டும். அண்ணன் எனக்கு வாத்தியார் ஆனார். பழைய செய்தித்தாள் கட்டைக் கையில் கொடுத்து சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார். போர்ட்டர்கள் நடக்க நடக்க வரைய வேண்டும். ஒருவன் நகர்ந்துவிட்டால் அவனை விட்டுவிட்டு அடுத்தவன். வீட்டில் அம்மா, "வேலை கிடைக்கலைன்னு படம் வரையப் போறானா?" என்று கண்ணைக் கசக்கினாள். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "அதுல ஐ.ஐ.டி.ன்னு பேர் இருக்குல்ல?" இருந்தது. பிரச்சினை தீர்ந்தது.

பம்பாய் பவாயில், ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் இருப்பது ஐ.டி.சி. என்கிற இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர். 1969-ல் தொடங்கியது. அதற்கு உருக்கொடுத்த சுதாகர் நட்கர்ணி ஜெர்மனியின் உல்ம் டிசைன் பள்ளியில் படித்தவர். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1961-ல், அகமதாபாதில் என்.ஐ.டி. வந்துவிட்டது. அதற்கு வித்திட்டது சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை. இந்தியாவில் டிசைன் படித்த யாரையும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள், அந்த அறிக்கையில் செம்பைப் பற்றி வரும் பகுதியைச் சொல்வார்கள். இந்தியா முழுக்கச் சுற்றிய அந்தத் தம்பதி தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானதாகச் சொன்னது சாதாரணத் தண்ணீர்ச் செம்பை. அதை ஒரு தனி ஆள் வடிவமைத்ததாக எண்ணிக்கொண்டால் அவர் எதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்று அடுக்குவார்கள். எவ்வளவு நீர், இடுப்பிலா தலையிலா கையிலா, நிறைந்திருக்கும்போது எடை எங்கே, ஊற்றும்போது எங்கே, தொட்டால் எப்படி, தட்டினால் என்ன சத்தம்.

முதல் பருவத்தில் எங்களுக்கும் அதையொட்டி ஒரு பயிற்சி. ஆளுக்கொரு செம்பு கொண்டு வரச் சொன்னார்கள். நான் ஊரிலிருந்து வந்த பித்தளைச் செம்பைக் கொண்டுபோனேன். பொறியியல் கோஷ்டி வழக்கம்போலக் கொள்ளளவிலும் எடை மையத்திலும் இறங்கியது. கட்டடக்கலைக்காரர்கள் குறுக்குவெட்டு போட்டார்கள். பரோடாவில் செராமிக்ஸ் படித்துவிட்டு வந்த ஒரு பெண் எதையும் வரையவில்லை. மேசையில் வரிசையாக நின்ற செம்புகளின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். வெளிப்பக்கம், உள்பக்கம், மறுபடி வெளிப்பக்கம். பிறகு அவற்றை இடம் மாற்றி அடுக்கினாள். "இந்தக் கோடியில இருக்கறது சொட்டாது. அந்தக் கோடியில இருக்கறது நிச்சயம் ஒழுகும். நடுவுல இருக்கறது கையைப் பொறுத்தது" என்று ஹிந்தியில் சொன்னாள்.

ஊற்றிப் பார்த்தோம். தண்ணீரை வேகமாகச் சாய்த்தால் எல்லாச் செம்பும் ஒழுங்காகத்தான் ஊற்றும். மெதுவாகச் சாய்த்து நிறுத்துகிற நேரத்தில்தான் குணம் தெரியும். சிலவற்றில் தாரை சட்டென்று அறுந்தது. சிலவற்றில் கடைசித் தண்ணீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வயிற்றோடு வழிந்து மேசையை நனைத்தது. அவள் அடுக்கிய வரிசை அப்படியே வந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ரேடியஸ் கேஜ் வாங்கிவந்து ஒவ்வொரு விளிம்பின் வளைவையும் அளந்தேன். கூரான விளிம்பில் நீர் பிய்த்துக்கொண்டு விழுகிறது, உருண்ட விளிம்பில் ஒட்டிக்கொண்டு திரும்புகிறது. அளவுப்படி அடுக்கினால் வந்ததும் அவளுடைய அதே வரிசைதான். கேஜின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் விழுந்த, என்னால் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு செம்புகளையும் அவள் விரல் பிரித்திருந்தது.

அதுவரை எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. பொறியாளன் துல்லியம், கலைஞன் தோராயம். முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தால் ராவி ராவி ஒரு இரும்புத் துண்டை இன்னொன்றுக்குள் ஒளி புகாமல் பொருத்தியவர்களுக்கு அந்தத் திமிர் இயல்பு. பவாயில் அது உடைந்ததை ஒரு இழப்பாக நான் நினைக்கவில்லை, ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். அவர்களுக்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு, அது பல நேரம் எங்களுடையதைவிட இறுக்கம். அதை எழுதி வைக்க அவர்களிடம் எண் இல்லை, அவ்வளவுதான்.

எழுத்து வகுப்பில் இது இன்னும் வெட்டவெளிச்சமானது. கறுப்புக் காகிதத்தில் ஒரு சதுரம், ஒரு வட்டம், ஒரு முக்கோணம் வெட்டி ஒரே உயரமாகக் காட்டச் சொன்னார்கள். நான் மூன்றையும் சரியாக நூறு மில்லிமீட்டருக்கு வெட்டினேன். சுவரில் ஒட்டியதும் வட்டம் இளைத்துத் தெரிந்தது, முக்கோணம் அதைவிட. ஜே.ஜே. கலைப் பள்ளியிலிருந்து வந்த நண்பன் தன் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருந்தான். அவனுடையவை ஒரே உயரமாக நின்றன. வெர்னியரை வைத்து அளந்து, "உன் வட்டம் இரண்டரை மில்லிமீட்டர் அதிகம்" என்றேன். "சுவரைப் பாரு, ஸ்கேலை ஏன் பாக்கற?" என்றான்.

எழுத்துருக் கலையின் அரிச்சுவடி இது. தட்டையான அடி கோட்டில் உட்காரும், வளைந்த அடி கோட்டைக் கொஞ்சம் தாண்டினால்தான் உட்கார்ந்ததாகத் தெரியும். நிற்கிற கோடும் படுத்த கோடும் ஒரே தடிமனில் இருந்தால் படுத்த கோடு கனத்துத் தெரியும். தமிழில் ‘ப’ ஒன்றை எழுதிப் பார்த்தாலே போதும், அடிக்கோட்டைச் சற்று மெலிய வைக்காவிட்டால் அது தொப்பை போட்டுவிடும். ‘ஒ’வின் வளைவைக் கோட்டுக்குள்ளேயே அடக்கினால் பக்கத்தில் நிற்கும் ‘ப’வுக்கு முன் குட்டையாகிவிடும். ஐ.டி.சி.யில் பல ஆண்டுகள் இதைக் கற்பித்தவர் ஆர்.கே. ஜோஷி. விண்டோஸோடு வந்த ‘மங்கள்’ தேவநாகரி எழுத்துரு அவர் உருவாக்கியது. நான் சேர்வதற்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

நாங்கள் படித்து வெளியேறிய சில ஆண்டுகளில் அதே வழியில் வந்தவர் உதயகுமார். கள்ளக்குறிச்சிக்காரர், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, பிறகு ஐ.டி.சி.யில் முதுகலை, அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்டம். 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி அவருடையது. தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி, தலைக்கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நான் அதைப் பார்த்த விதம் வேறு. அது தனியாக நிற்கிற படம் இல்லை, எப்போதும் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது. பஸ் டிக்கெட்டில் மங்கலான மையிலும், கடைப் பலகையில் பெயின்டிலும், செல்போனில் சில புள்ளிகளிலும் அதே ஆளாகத் தெரிய வேண்டும். கட்டடக்கலை, எழுத்து, எந்திரம் மூன்றும் ஒரே கைக்குள் வந்தால்தான் அது நடக்கும். கள்ளக்குறிச்சியில் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் அட்டையில் மார்க்கரால் விலை எழுதும்போது அந்தக் குறியை இழுத்த வேகத்தைப் பார்த்தேன். பரிசுக் குழுவின் தீர்ப்பைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது.

என் கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு ஒரு கையடக்கக் கருவியின் பிளாஸ்டிக் உடம்பு. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் மேல்பாதி, கீழ்ப்பாதி. சாக்கி நாக்காவில் ஒரு சிறிய டூல் ரூமில் அச்சு செய்தார்கள். இரண்டு பாதியும் சேருகிற இடம்தான் தலைவலி. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி, இன்னொரு பக்கம் நகம் நுழையும். டூல் ரூம் மேஸ்திரி கையை விரித்தார்: "இதுக்கு மேல என்னால முடியாது. வேணும்னா ரெண்டு மடங்கு காசு குடுத்து வேற ஆளைப் பாருங்க."

ஜே.ஜே. நண்பன் கூட வந்திருந்தான். பாகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, முதலில் என் கண்ணுக்கே படாத ஒரு சிங்க் மார்க்கைக் காட்டினான். உள்ளே ரிப் தடித்துப்போன இடத்தில் வெளிச்சுவர் லேசாகக் குழிந்திருந்தது. பிறகு சேரும் கோட்டைப் பார்த்தான். "இதை ஏன் மறைக்கறீங்க? பெருசா காட்டுங்க" என்றான். இரண்டு பாதிக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் விடச் சொன்னான். இரண்டு விளிம்புகள் ஒட்டி நிற்கும்போது கால் மில்லிமீட்டர் வித்தியாசமும் கண்ணைக் குத்தும். நடுவில் நிழல் விழுந்துவிட்டால் அதே கால் மில்லிமீட்டர் அந்த நிழலுக்குள் காணாமல் போய்விடும். மேஸ்திரி ஒரு நிமிஷம் யோசித்தார், சிரித்தார், பென்சிலை எடுத்து டிராயிங்கிலேயே திருத்தினார். காசும் ஏறவில்லை. இன்றைக்கு உங்கள் டி.வி. ரிமோட்டை எடுத்து ஓரத்தைத் தடவினால் அந்தப் பள்ளம் கையில் தட்டுப்பட வாய்ப்பு அதிகம். எந்தக் கம்பெனியிலோ ஒரு எந்திரக்காரரும் ஒரு கண்காரரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

இப்போது வழிகள் பெருகிவிட்டன. ஐ.ஐ.டி. கௌஹாத்தியில் 1998-லேயே டிசைனுக்குத் தனித்துறை வந்தது. நம் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மின் பெயரிலேயே டிசைன் இருக்கிறது, தொடங்கிய ஆண்டு 2007. பள்ளி முடித்தவர்கள் நேரே டிசைன் பட்டப்படிப்பில் சேர 2015-லிருந்து யூசீட் தேர்வு. கூடவே ‘டிசைன் திங்கிங்’ என்ற வைபவமும் ஊரெங்கும் வந்திருக்கிறது. பேராசிரியர்களையும் மாணவர்களையும் வட்டமாக நிற்க வைத்து, வண்ண வண்ண ஒட்டுத்தாள்களைக் கண்ணாடிச் சுவரில் ஒட்டச் சொல்லி, மாலை நாலு மணிக்கு சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு முறை பேசக் கூப்பிட்டார்கள். ஒருமுறை போனேன். ஒரு நாள் முழுக்க யாருடைய கையும் அழுக்காகவில்லை. யாரும் யாரோடும் சண்டையும் போடவில்லை. இந்தப் படிப்பில் சண்டை வராவிட்டால் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் மகள் பி.இ. முடித்துவிட்டு டிசைன்தான் படிப்பேன் என்று நின்றாள். இடம் பார்க்க என்னைக் கூட அழைத்துப்போனாள். ஓரிடத்தில் ‘இன்னோவேஷன் ஸ்டுடியோ’ என்று பளபளவென்று ஒரு ஹால், உட்கார்ந்தால் எழ முடியாத பீன் பேக்குகள், மூலையில் ஒரு த்ரீ-டி பிரின்டர். பிரின்டரின் கண்ணாடியில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. இன்னோரிடத்தில் கட்டடம் சுமார். ஒர்க்‌ஷாப் தரையில் மரத்தூள், லேத்துக்கு அடியில் சுருள் சுருளாகச் சில், ஒரு பெஞ்ச் வைஸில் பாதி செதுக்கிய மிருதங்கக் கட்டை. மிருதங்கம் யாருடையது என்று கேட்டேன். எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு வந்த பையன், உள்ளே சென்சார் வைக்கப் பார்க்கிறான், வாசிக்கிற இசைக்குழு நண்பன் கூடாது என்கிறான், ஒரு மாதமாக இழுபறி என்றார் அங்கிருந்த இன்ஸ்ட்ரக்டர். ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றேன். "சாவி பசங்ககிட்டதான் சார் இருக்கு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்த மாதம் போன் வந்தது.

"சித்தப்பா, இங்க ஃபைன் ஆர்ட்ஸ் முடிச்சுட்டு வந்த அக்கா ஒருத்தங்க என் ஸ்டீல் ஸ்கேலைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைதான் தருவாங்களாம். ஹெச்.ஓ.டி.கிட்ட சொல்லலாமா?"

"வெர்னியர் வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"அதை முதல்ல பெட்டியில போட்டுப் பூட்டு" என்றேன். "ஹெச்.ஓ.டி.கிட்ட எல்லாம் போகாதே. அந்த அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் குடு."